அலுவலகம் மாறுகிறீர்களா? லொறி பேசுவதற்கு முன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அலுவலகத்தை இடம் மாற்றப்போகிறவர் இணையத்தில் தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது கொழும்பு நிறுவனங்கள்தான். பொதி கட்டுவதிலிருந்து புது இடத்தில் மேசை பூட்டித் தருவது வரை எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்பார்கள். பார்த்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால் கஸ்தூரியார் வீதி மாடியிலிருந்து திருநெல்வேலிச் சந்திக்குப் போக, 400 கிலோமீற்றர் தள்ளி நிற்கிற லொறியை வரவழைத்தால், அது வந்து போகிற டீசலும் சாரதியும் உதவியாளரும் தங்குகிற செலவும் உங்கள் தலையில்தான் விழும். வற் பதிவு உள்ள நிறுவனமென்றால் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீத வரியும் மேலே ஏறும்.

சரி, உள்ளூரில் தேடலாம் என்றால் அலுவலகம் மாற்றுவதற்கென்றே பெயர்ப்பலகை போட்ட நிறுவனம் அகப்படுவது அரிது. வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள், தனித்தனியாக இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். லொறிக்காரர் ஒருவர். தூக்கி இறக்குகிற ஆட்கள் வேறு. மேசையைக் கழற்றிப் பூட்டுகிற தச்சர், ஏசி கழற்றுகிறவர், கணினி வயர் இழுக்கிற பொடியன் என்று ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்வார். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுகிற இடத்தில்தான் சாமான் உடைகிறது, தொலைகிறது. அந்த இடங்களில் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் இங்கே அலுவலகம் மாற்றுகிறவருடைய உண்மையான வேலை. லொறி பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

யாரிடம் விசாரிப்பது

அண்மையில் இடம் மாறியவரைத் தேடிப் போவதுதான் சரியான தொடக்கம். 2009 இல் போர் முடிந்து ஏ9 வீதி வழமைக்கு வந்ததும் வங்கிகள், லீசிங் கம்பெனிகள், காப்புறுதிக் கம்பெனிகள் யாழ்ப்பாணத்தில் கிளைகளை அடுத்தடுத்துத் திறந்தன. தொண்டு நிறுவனங்களும் வந்தன. திட்டம் முடிந்ததும் பல மூடின, சில சிறிய கட்டடங்களுக்கு மாறின. இந்த அலுவலகங்களில் நிர்வாகம் பார்க்கிறவர்களிடம் இரண்டு மூன்று இடமாற்றத்தின் அனுபவம் இருக்கும். எந்த லொறிக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், யாருடைய ஆட்கள் கண்ணாடி மேசையைப் பார்த்துத் தூக்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கிற இந்த விபரம் எந்த விளம்பரத்திலும் இராது.

அடுத்தது தளபாடக் கடைகள். மேசை, கதிரை, இரும்பு அலுமாரி விற்கிற கடைக்காரர் தன் லொறியில் நாளாந்தம் வீடு வீடாக இறக்குகிறார். அவருடைய ஆட்களுக்கு மாடிப்படித் திருப்பத்தில் அலுமாரியை எப்படிச் சரிப்பது, மேசைக் காலை எந்த ஆணியில் கழற்றுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். புது அலுவலகத்துக்கு நாலு கதிரை அவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் பழைய சாமானையும் ஏற்றித் தருவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் இது வாய்க்கிறது. என்னைக் கேட்டால், மேசை கதிரையே அதிகமுள்ள சிறிய அலுவலகத்துக்குத் தனி லொறிக்காரரை விட இவர்களே மேல்.

யாழ்ப்பாண வர்த்தக தொழிற்துறை மன்றம், யாழ்ப்பாண வணிகர் கழகம் போன்ற அமைப்புகளில் உங்களுக்குத் தெரிந்த உறுப்பினர் இருந்தால் அவர் மூலமும் விசாரிக்கலாம். இக்மன் போன்ற விளம்பரத் தளங்களிலும் முகநூலிலும் யாழ்ப்பாண லொறிக்காரர் பலர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அங்கே எடுத்த எண்ணென்றால், கடைசியாக எந்த அலுவலகத்துக்குச் சாமான் ஏற்றினார் என்று கேட்டு, அந்த அலுவலகத்தோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு மேலே போங்கள். வீட்டுச் சாமான் ஏற்றிப் பழகியவருக்கும் அலுவலகச் சாமான் ஏற்றிப் பழகியவருக்கும் வித்தியாசம் உண்டு. வீட்டில் ஒரு பெட்டி மறுநாள் கிடைத்தாலும் சமாளிக்கலாம். அலுவலகத்தில் காசோலைப் புத்தகமும் முத்திரையும் இருக்கிற பெட்டி எது என்று தெரியாவிட்டால் அடுத்த நாள் வேலை நின்றுவிடும்.

கொழும்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ குடாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. இங்கிருந்து மரக்கறியும் மீனும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறிகள் போகின்றன. திரும்பி வரும்போது அவர்களுக்கு ஏதாவது பாரம் தேவை. அப்படித் திரும்புகிற லொறியில் பேசினால் கூலி கணிசமாகக் குறையும். இரண்டு விடயத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். மீன் ஏற்றிய லொறியில் துணிக் கதிரையையும் கோப்புகளையும் ஏற்றாதீர்கள், மணம் போகவே போகாது. அத்தோடு, உங்கள் சாமானுக்கு மேல் வேறொருவருடைய சிமெந்து மூட்டை ஏறாது என்பதையும் முன்னமே பேசி உறுதிப்படுத்துங்கள். ஏ9 வழியாக ஆனையிறவைத் தாண்டி வருகிறார்களா, மன்னார் பக்கத்திலிருந்து பூநகரியால் 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து வருகிறார்களா என்று கேட்டுவைத்தால் இறக்குகிற ஆட்களை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று கணக்குப் போடலாம்.

நேரில் பார்த்துச் சொன்ன விலை

தொலைபேசியில் விலை பேசுவது எப்படிப் போகும் என்று குடாநாட்டில் வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

"எத்தினை மேசை அண்ணை?"

"ஒரு பத்து இருக்கும் தம்பி. கொஞ்சம் கதிரை, ரெண்டு அலுமாரி."

"அப்ப ரெண்டு நடையில முடிச்சிடலாம்."

அன்றைக்கு வந்து பார்த்தால் இரண்டு நடை ஐந்து நடையாகிறது. கூலியும் அதோடு ஏறுகிறது. சண்டை வருகிறது. இரண்டு பேரிலும் பிழையில்லை. ஒருவர் பார்க்காமல் சொன்னார், மற்றவர் எண்ணாமல் சொன்னார்.

ஆகவே லொறிக்காரர் நேரில் வந்து பார்க்காமல் சொல்கிற விலையை விலையாக எடுக்க வேண்டாம். வந்து பார்க்க மறுக்கிறவரை விட்டுவிடுங்கள். வருகிறவர் அனுபவசாலி என்றால் உங்கள் மேசையைப் பார்க்க முன்னரே மாடிப்படியைப் பார்ப்பார். யாழ்ப்பாண நகரில் கீழே கடை, மேலே அலுவலகம் என்று இருக்கிற கட்டடங்களில் படி பெரும்பாலும் ஒடுக்கம். லிஃப்ட் இராது. பாதி வழியில் ஒரு திருப்பம், திருப்பத்தில் யாரோ வைத்த மின்மானிப் பெட்டி. அந்தத் திருப்பத்தில் ஆறடி அலுமாரி நிமிர்ந்து திரும்புமா, படுக்கவைத்துத்தான் திருப்ப வேண்டுமா, அல்லது பல்கனியால் கயிறு கட்டி இறக்க வேண்டுமா என்பதில்தான் கூலி இருக்கிறது. கயிறு கட்டுவதென்றால் வெளியே மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்றும் பார்க்க வேண்டும். கம்பி கிட்ட இருந்தால் அந்த எண்ணத்தையே கைவிடுங்கள்.

புது இடத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும். கொக்குவில், கோண்டாவில் பக்கம் பழைய வீடுகள் அலுவலகமாக மாறி வருகின்றன. வீடு பெரிதாக இருக்கும், ஆனால் வீதியிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் பட்டா என்கிற சின்ன லொறி மட்டும் போகும், பெரிய லொறி திரும்பாது. அப்படியானால் சந்தியில் லொறியை நிறுத்தி அங்கிருந்து பட்டாவில் மாற்றி ஏற்ற வேண்டும். இது தெரியாமல் பேசிய விலை அன்றைக்கே உடைந்துவிடும்.

இங்கே லொறியைத் தட்டின் நீளத்தை வைத்துத்தான் பேசுவார்கள். பத்தரை அடி, பதினாலரை அடி என்பார்கள். டாட்டா ஏஸ் வகைப் பட்டா 750 கிலோ அளவில் தாங்கும். இந்த எண்ணை வைத்து உங்கள் சாமானைக் கணக்குப் பார்க்கலாம். பலர் ஏமாறுவது மேசையில் அல்ல, தாளில். 80 கிராம் ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு 2.5 கிலோ. நிரம்பிய பெட்டிக் கோப்பு ஒன்று ஏறத்தாழ அந்த நிறை வரும். ஒரு அலுமாரியில் அப்படி 80 கோப்பு இருந்தால் 200 கிலோ. அலுமாரியின் நிறை தனி. கணக்காளர் அலுவலகமோ சட்டத்தரணி அலுவலகமோ என்றால் கோப்பு அலுமாரிகளே ஒரு பட்டா தாங்குகிற பாரத்தை எட்டிவிடும். பார்வைக்கு இடம் மிச்சமிருக்கும், பாரம் தாண்டியிருக்கும்.

டீசல் விலையையும் மறக்கக் கூடாது. எரிபொருள் விலை வழக்கமாக மாத முடிவில் திருத்தப்படுகிறது. இருபதாம் திகதி பேசிய கூலி அடுத்த மாதம் ஐந்தாம் திகதிக்கும் செல்லுமா என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை வாங்கினால் மிகக் குறைந்ததற்கு ஓடாமல் அதற்குள் என்ன அடங்குகிறது என்று பாருங்கள். ஒருவருடைய கூலியில் ஆட்களும் சேர்ந்திருக்கும், இன்னொருவர் லொறியும் சாரதியும் மட்டும் சொல்லியிருப்பார். ஆட்களுக்குச் சாப்பாடு, தேநீர் யார் கொடுப்பது என்பதைக்கூட நான் கேட்கச் சொல்வேன். சின்ன விடயம்தான், ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குப் பாதிச் சாமான் வீதியில் நிற்கும்போது அது பெரிதாகிவிடும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

முறையான நிறுவனம் என்றால் ஒப்பந்தத்தை அவர்களே நீட்டுவார்கள். லொறிக்காரரிடம் அது இராது. நீங்கள்தான் எழுத வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை, ஒரு தாள் போதும். அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், லொறி இலக்கம், திகதி, தொடங்கும் நேரம், எங்கிருந்து எங்கே, எத்தனை ஆட்கள், மொத்தக் கூலி, முற்பணம், மிச்சம் எப்போது என்பவற்றைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சாமான் பட்டியலை ஒட்டிவிடுங்கள்.

இந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி, உடைந்தால் என்ன செய்வது என்பது. லொறிக்குக் காப்புறுதி இருக்கிறதுதானே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காப்புறுதி லொறிக்கும் வீதியில் போகிற மூன்றாம் ஆளுக்கும் உரியது, லொறியில் ஏற்றிய உங்கள் பிரதி இயந்திரத்துக்கு அல்ல. உங்கள் அலுவலகத்துக்குத் தீ, திருட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால் அதுவும் பொதுவாகக் குறிப்பிட்ட முகவரிக்குள் இருக்கும் வரைதான் செல்லும். எனவே காப்புறுதிக் கம்பெனியின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போய், சாமான் வழியில் இருக்கும் அந்த நாளுக்கு மட்டும் காப்பு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதே போக்கில் புது முகவரியையும் பதிந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் புதுக் கட்டடத்தில் மழைத் தண்ணீர் புகுந்து சாமான் பழுதானால் நட்டஈடு கேட்கும்போது முகவரி பொருந்தாது.

லொறிக்காரரிடம் முழு நட்டத்தையும் ஏற்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு நாள் கூலியைப் போல் பல மடங்கு பெறுமதியான இயந்திரத்துக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார், ஏற்றாலும் கொடுக்க அவரிடம் இராது. கதிரைக் கால் உடைந்தால், மேசைக் கண்ணாடி வெடித்தால் கூலியில் இவ்வளவு கழிப்போம் என்று இருவரும் ஒப்புகிற அளவை எழுதுவதே நியாயம். விலை கூடியவற்றை அவர் பொறுப்பிலிருந்து எடுத்து நீங்களே கொண்டுபோவதுதான் இதற்கு வழி. ஆட்கள் விழுந்து அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள். படியில் பாரம் இறக்குகிறவருக்குத்தான் அன்றைய நாளில் மிகப் பெரிய ஆபத்து. அவரை நடுவில் விடக் கூடாது.

முற்பணமாக முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம். கடைசிப் பெட்டி இறங்கிப் பட்டியலோடு சரிபார்த்த பிறகு கொடுக்கவென ஒரு பங்கை வைத்திருங்கள். சரிபார்த்ததும் அதைத் தாமதிக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைய கூலியை நம்பி வந்த ஆட்களை நாளைக்கு வா என்று அனுப்புவது முறையல்ல. கொடுத்ததற்கு ஒரு பற்றுச்சீட்டோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள், கணக்குக்குத் தேவைப்படும்.

கோப்பும் கணினியும் ஏசியும்

பெட்டி வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மொத்தக் கடைகளிலும் பழக்கடைகளிலும் கெட்டியான அட்டைப் பெட்டிகள் கிடைக்கும். கோப்புக்குச் சிறிய பெட்டியே எடுங்கள். பெரிய பெட்டி நிறையத் தாள் போட்டால் தூக்குகிறவரின் முதுகு போகும், பெட்டியின் அடி கிழியும். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இலக்கமும் புது இடத்தில் போக வேண்டிய அறையின் பெயரும் எழுதுங்கள், மேலே மட்டுமல்லாமல் பக்கத்திலும். அடுக்கிய பிறகு மேற்பக்கம் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியில் எழுதாமல் உங்கள் கொப்பியில் அந்த இலக்கத்துக்கு எதிரே எழுதுங்கள். காசோலைப் புத்தகம் என்று பெட்டியில் எழுதி வீதியில் வைப்பது நல்லதல்ல.

கோப்பு கட்டும்போதுதான் கறையான் அரித்த அலுமாரி வெளிவரும். பழைய தாள்களைக் கழிப்பதற்கு இதை விட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் எதைக் கழிப்பது என்று உங்கள் கணக்காளரைக் கேட்காமல் எதையும் எறியாதீர்கள், வரி ஆவணங்களைச் சட்டம் சொல்கிற காலம் வரை வைத்திருந்தே ஆக வேண்டும். கழிக்கிற தாளைப் பழைய பேப்பர்க்காரரிடம் அப்படியே நிறுத்துக் கொடுப்பது குடாநாட்டில் வழக்கமாகவே இருக்கிறது. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கு இலக்கமும் கச்சான் சுருளாகச் சந்தியில் கைமாறுவது இப்படித்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தாளை யாரும் படிக்க முடியாதபடி கழிப்பது உங்களை நம்பி அதைத் தந்தவருக்குச் செய்கிற மரியாதை. கிழித்து அல்லது எரித்துத்தான் கழிக்க வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை அறிந்தவர்கள் இன்னும் வியாபாரத்தில் இருக்கிறார்கள். கடைக் கணக்குப் புத்தகமும் காணி உறுதியும் பதிவுப் பத்திரங்களும் அந்தப் பயணத்தோடு தொலைந்தவர்கள் பலர். பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். அன்று பட்டியல் போட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது. வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், உறுதி, ஊழியர் கோப்பு, வரி இலக்கக் கடிதம் ஆகியவற்றை ஸ்கான் செய்து ஒரு பிரதியை அலுவலகத்துக்கு வெளியே வைத்துவிட்டு, மூலப் பத்திரங்களை ஒரு பையில் போட்டு உரிமையாளரே தன் வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். லொறியில் ஏற்றவே கூடாது.

கணினிகளுக்கும் இதே நியாயம்தான். முதல் நாளே எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்தது திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். சேர்வரும் அந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே வாகனத்தில் போகக் கூடாது. வயர்களைக் கழற்ற முன்னர் கணினியின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால் திரும்பப் பூட்டும்போது யோசிக்கத் தேவையில்லை. மேசையைக் கழற்றும் ஆணிகளை ஒரு சிறிய பையில் போட்டு அந்த மேசையின் அடியிலேயே ஒட்டிவிடச் சொல்லுங்கள். எல்லா ஆணியையும் ஒரே டின்னில் போட்டால் பின்னேரம் தச்சர் அரை மணித்தியாலம் அந்த டின்னைக் கிளறிக்கொண்டிருப்பார்.

பிரதி இயந்திரத்தை நிமிர்த்தியபடிதான் கொண்டுபோக வேண்டும். ரோனரைக் கழற்றாமல் சாய்த்தால் உள்ளே முழுக்கக் கொட்டிவிடும். வாடகைக்கு எடுத்த இயந்திரமென்றால் தொடவே வேண்டாம், தந்த கம்பெனியே வந்து மாற்றட்டும். ஏசியை லொறி ஆட்கள் கழற்ற விடாதீர்கள். வாயுவை வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் செய்தால் புது இடத்தில் வாயு புதிதாக அடிக்கும் செலவு பெரும்பாலும் மிச்சம். யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கிற ஈய பற்றரி பாரமானது. கவிழ்க்காமல், வயர் கழற்றி, லொறித் தட்டில் மற்றச் சாமானுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

எந்த நாள்

குடாநாட்டுக்கு வருட மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் விழுகிறது. மாரியில் ஒழுங்கை சேறாகும், திறந்த பட்டாவில் படங்கு போட்டாலும் பக்கத்தால் நனையும். முடியுமானால் அந்த மாதங்களைத் தவிருங்கள், முடியாவிட்டால் மூடிய லொறிக்குக் கூடுதலாகக் கொடுங்கள். நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். உங்கள் பழைய இடமோ புது இடமோ அந்தப் பக்கமென்றால் கொடியேற்றத் திகதியைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள்.

சுபநாள் பார்ப்பது இங்கே தவிர்க்க முடியாதது, தவிர்க்கவும் தேவையில்லை. ஆனால் வாக்கியப் பஞ்சாங்கமோ திருக்கணிதமோ, நல்ல நாள் எல்லோருக்கும் நல்ல நாள். அன்றைக்குக் குடிபூரலும் கல்யாணமும் இருக்கும், லொறிக்குத் தட்டுப்பாடு வரும், ஆட்களும் அவசரத்தில் இருப்பார்கள். நல்ல நேரத்தில் சுவாமிப் படத்தையும் நிறைகுடத்தையும் வைத்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை இன்னொரு நாள் ஆறுதலாக ஏற்றலாம். வெள்ளி பின்னேரம் கட்டி, சனி ஏற்றி, ஞாயிறு பூட்டினால் திங்கள் கதவைத் திறக்கலாம். ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கங்களில் வேலை நாளில் லொறியை நிறுத்தி வைத்து ஏற்றுவது பெரும்பாடு. ஞாயிறு அதிகாலையில் அந்த வீதிகள் ஆறுதலாக இருக்கும். பாடசாலை தொடங்குகிற, விடுகிற நேரங்களில் எந்த நாளிலும் ஏற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்றில்லை. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் 2007 ஜனவரி 1 இல் பிரிந்த பின்னரும் வடக்கு மாகாண நிர்வாகம் சில காலம் திருகோணமலையிலிருந்தே நடந்தது. போர் முடிந்த பிறகுதான் அது யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2013 ஒக்ரோபரில் முதல் மாகாண சபை கைதடியில் கூடியது, ஆளுநர் செயலகம் பழைய பூங்காவில் இயங்குகிறது, அமைச்சுகளும் திணைக்களங்களும் வேறு வேறு இடங்களில். பத்துப் பேர் வேலை செய்கிற அலுவலகத்துக்கும் இப்படிப் பகுதி பகுதியாக மாறுகிற முறை பொருந்தும். வாடிக்கையாளர் வந்து நிற்கிற பகுதியைக் கடைசியில் மாற்றுங்கள். பழைய கோப்பும் களஞ்சியமும் முதலில் போகட்டும். இரண்டு இடத்துக்கும் அரை மாத வாடகை கூடுதலாகப் போனாலும், வேலை நிற்காததால் அது நட்டமாகாது.

முகவரி மாறுகிறது

லொறி பேசுவதற்கும் முதலே புது இடத்தில் மின்சாரத்தையும் இணைய இணைப்பையும் பாருங்கள். வீட்டுக்கு எடுத்த மின்னிணைப்பு நாலு ஏசியைத் தாங்காது. இணைப்பைக் கூட்டுவதற்கு மின் விநியோக அலுவலகத்தில் விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்த்து, கட்டணம் கட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டும். பைபர் இணைப்பு வீதியில் இருக்கலாம், உங்கள் ஒழுங்கைக்குள் வந்திருக்க வேண்டும் என்றில்லை. சாமான் வந்து இறங்கி இணையம் வராமல் ஊழியர்கள் கைத்தொலைபேசி டேட்டாவில் வேலை பார்ப்பது, இந்த ஒரு விசாரிப்பைத் தவறவிட்டதன் விளைவு. பழைய இடத்தை விடுகிற அன்று மின்மானியையும் தண்ணீர் மானியையும் படமெடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டி, முற்பணம் திரும்பத் தருகிற திகதியை எழுதி வாங்குங்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. நகரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போனால் தூரம் கொஞ்சம்தான், ஆனால் மாநகர சபை எல்லை முடிந்து நல்லூர் பிரதேச சபைக்குள் வந்துவிடுவீர்கள். வியாபார அனுமதிப்பத்திரத்தையும் பெயர்ப்பலகைக் கட்டணத்தையும் புதுச் சபையில் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். தனி வியாபாரம், பங்குடைமை என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவில் முகவரி மாற்றத்தைப் பிரதேச செயலகம் மூலம் செய்யலாம். கம்பெனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தின்படி, பதிவு அலுவலக மாற்றத்தைப் படிவம் 13 இல் கம்பெனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், வங்கி ஆகியவற்றுக்கும் கடிதம் போக வேண்டும். இறைவரித் திணைக்களத்தின் கடிதம் பழைய முகவரிக்குப் போய் அங்கேயே கிடந்தால் தண்டம் உங்களுக்குத்தான் வரும்.

மிஞ்சுகிற மேசை கதிரைகளைப் புது அலுவலகத்தின் பின்புறத்தில் குவித்து மழையில் விட வேண்டாம். கிராமத்துக்குக் கிராமம் சனசமூக நிலையமும் முன்பள்ளியும் இருக்கின்றன. வாசிகசாலைக்கு ஒரு நல்ல மேசை எப்போதும் தேவைப்படும். ஏற்றுகிற நாளிலேயே அதே லொறியில் வழியில் இறக்கிவிடலாம், ஆனால் அதையும் பேச்சில் ஒரு நடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதான கணினியையும் பற்றரியையும் அவர்களுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாகப் பழைய கதவில் புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், எந்தச் சந்தி, எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்பதோடு. கூகுள் வரைபடத்தில் இடத்தை அன்றைக்கே மாற்றுங்கள். தபாலகத்தில் எழுதிக் கொடுங்கள். கீழ்த்தளக் கடைக்காரரிடமும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களிடமும் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களைத் தேடி வருகிறவர் படியேறிப் பூட்டிய கதவைக் கண்டதும் முதலில் விசாரிக்கப்போவது அவர்களிடம்தான்.